ஓட்டத்துக்கு முன் ஒரு குவளை

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் போன மாதம் ஒரு வியாபாரத் திட்டத்தைக் கொண்டுவந்து தந்தான். பதினொரு பக்கம். முதற் பக்கத்தில் கறுப்பும் சிவப்புமாக ஒரு போத்தலின் படம், போத்தலின் மேல் பாயும் குதிரை. விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் இறங்குவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் குடிக்கும் சக்திப் பானம். கிளிநொச்சியில் தயாரிப்பது, முதலில் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் விற்பது, பிறகு ஏ9 வீதியால் வடக்கேயும் தெற்கேயும் அனுப்புவது.

“வாசிச்சுப் பாருங்கோ சேர். பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுங்கோ,” என்றான்.

பாடசாலைக் காலத்தில் 1500 மீற்றர் ஓடியவன். மாகாண மட்டம் வரை போனான். இப்போது பகலில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். பின்னேரத்தில் ஊர்க் கழகத்துச் சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் ஓட்டம் பழக்குகிறான். வயது 24. வெளிநாடு போகக் காசு கட்டாமல் இந்த மண்ணில் ஒரு தொழில் தொடங்க நினைக்கிறவன். அவன் தந்த தாள்களை இரண்டு நிமிடத்தில் புரட்டிவிட்டு “நல்லம் தம்பி” என்று திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணம் உண்டு. 2009-இல் போர் முடிந்த பிறகு வன்னிக்கு வந்த சொற்களில் அதிகம் புழங்கிய சொல் ‘வாழ்வாதாரம்’. கோழி வந்தது, ஆடு வந்தது, தையல் இயந்திரம் வந்தது. எதைத் தருவது என்று பெரும்பாலும் வேறு எங்கோ இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். அதன்பின் நுண்கடன் வந்தது. வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் கடன். அதில் பெண்கள் பட்ட பாட்டைப் பார்த்து, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்குட்பட்ட கடன்களுக்கு அரசாங்கமே 2018-இல் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் நடுவில், தானே யோசித்து, தானே கணக்குப் போட்டு ஒருவன் எழுதிய திட்டம் இது. அதை நேர்மையாக வாசித்துச் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். இரண்டு இரவு வாசித்தேன்.

மூன்றாம் பக்கத்தில் சேர்மானங்கள் இருந்தன. தண்ணீர், சீனி, கஃபீன், டோரின், பி வகை விற்றமின்கள், நிறமூட்டி. நான்காம் பக்கத்தில் யாருக்கு விற்பது என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: ‘வலய மட்ட, மாகாண மட்டப் போட்டிகளுக்குப் போகும் பாடசாலை மாணவர்கள்’. அந்த வரியில் வந்து நின்றுவிட்டேன்.

பல வருடங்களுக்கு முந்திய ஒரு காலை. இல்ல மெய்வல்லுநர் போட்டி. பெண்களுக்கான 800 மீற்றர் ஓட்டத்தில் முன்னுக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை இரண்டாவது சுற்றின் வளைவில் கால் மடங்கி விழுந்தது. தூக்கிக்கொண்டுபோய் வேப்பமர நிழலில் கிடத்தினோம். கண் திறந்ததும் கேட்டேன்: “காலமை என்ன பிள்ளை சாப்பிட்டனி?”

“தேத்தண்ணி, சேர்.”

“அதோட?”

பதில் இல்லை. வேப்பங்கொப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பால் விடாத, சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி. அதன் பிறகு நான் பொறுப்பாக நின்ற ஒவ்வொரு போட்டிக் காலையிலும் இந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அதே பதில்தான் கிடைத்தது. சில பிள்ளைகள் அரைவாசிப் பாண் துண்டைச் சேர்த்துச் சொல்வார்கள். மாணவனின் திட்டத்தை வாசித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. தேயிலையில் இருப்பது கஃபீன், அதில் கரைப்பது சீனி. எங்கள் பிள்ளைகள் ஓட்டத்துக்கு முன் சக்திப் பானத்தைத்தான் குடித்துவிட்டு வருகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் குடிக்கிறார்கள். குடித்த பிறகும் அந்தப் பிள்ளை விழுந்தது.

கஃபீன் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்யும். களைப்பை உடலுக்கு உணர்த்தும் அடினோசின் என்ற பொருள் மூளையில் போய் ஒட்டும் இடங்களைக் கஃபீன் அடைத்துக்கொள்ளும். களைப்பு இருக்கும், களைப்பு என்ற செய்தி மட்டும் போய்ச் சேராது. உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம் வரை, ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் முன் எடுத்தால், பயிற்சி பெற்ற வளர்ந்தவர்களின் நீண்ட ஓட்டம் மேம்படுகிறது என்பது பல முறை சோதித்துக் கண்ட முடிவு. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2004-இல் கஃபீனைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே சட்டப் பிரச்சினையும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் நன்றாகச் சாப்பிட்ட, நன்றாகத் தூங்கிய, முழுதாக வளர்ந்த உடலை வைத்துப் போட்ட கணக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015-இல் சிறுவருக்கும் பதின்ம வயதினருக்கும் சொன்ன எல்லை, ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். எங்கள் 14 வயதுப் பிள்ளை 40 கிலோ இருந்தால் 120 மில்லிகிராம். கடையில் விற்கும் சிறிய தகரக் குவளை ஒன்றில், 250 மில்லிலீற்றரில், 80 மில்லிகிராம் இருக்கிறது. காலைத் தேத்தண்ணியைச் சேர்த்தால் எல்லைக்குக் கிட்ட வந்துவிடும். இரண்டாவது குவளை குடித்தால் எல்லை தாண்டிவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-லேயே சிறுவரின் உணவில் சக்திப் பானத்துக்கு இடமே இல்லை என்று அறிவித்தது. லிதுவேனியா 2014-இலும் லாத்வியா 2016-இலும் போலந்து 2024-இலும் 18 வயதுக்குட்பட்டோருக்கு அதை விற்பதைத் தடைசெய்தன.

இந்தப் பானங்கள் யாருக்காகப் பிறந்தன என்பதையும் பார்க்க வேண்டும். யப்பானில் 1962-இல் சின்னக் கண்ணாடிப் போத்தலில் வந்த லிப்போவிட்டான், வேலைக் களைப்பில் கிடந்த நகரத்து மனிதருக்கு மருந்துக் கடையில் விற்ற பானம். தாய்லாந்தில் 1970-களின் நடுவில் சலியாவ் யூவித்யா தயாரித்த கிராதிங் தேங், இரவிரவாக லொறி ஓட்டுகிறவர்களும் தொழிற்சாலைத் தொழிலாளரும் குடித்தது. அதை ஒஸ்திரியாக்காரரான டீத்ரிஷ் மாட்டஷிட்ஸ் கண்டு, சலியாவோடு கூட்டுச் சேர்ந்து, 1987-இல் ரெட் புல் என்று ஐரோப்பாவில் இறக்கினார். ஓய்வெடுக்க முடியாத மனிதனை இன்னும் ஒரு மணித்தியாலம் விழித்திருக்கச் செய்வதற்காக உண்டான பானம், விமானப் பந்தயமும் காரோட்டமும் காட்டி விற்கப்பட்டு, கடைசியில் மைதானத்துக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே காலத்தில் இன்னொரு பானமும் வந்தது. அதன் கதையைத்தான் என் மாணவனுக்கு நான் நெடுநேரம் சொன்னேன்.

1965-இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் உதைபந்தாட்டக்காரர்கள் (அவர்களது உதைபந்தாட்டம் நம்முடையது அல்ல, கையால் பிடித்து மோதி விளையாடுவது) வெயிலில் சோர்ந்து விழுந்தார்கள். றொபேட் கேட் என்ற சிறுநீரக மருத்துவரும் அவரது கூட்டாளிகளும் தண்ணீர், சீனி, உப்பு, பொட்டாசியம் கலந்து ஒரு பானம் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. கேட்டின் மனைவி எலுமிச்சைச் சாறு விடச் சொன்னார். அதுதான் கேற்றரேட். கஃபீன் ஒரு துளியும் இல்லை. உலகத்து விளையாட்டுப் பானத் தொழிலுக்கே அதுதான் தாய்.

ஆறு வருடம் கழித்து, 1971-இல், வங்காளதேசப் போரில் எல்லை தாண்டி ஓடிவந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் வாந்திபேதியில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊசி வழி ஏற்றும் சேலைன் தீர்ந்துபோயிற்று. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பையும் குளுக்கோசையும் தண்ணீரில் கரைத்துப் பெரிய பீப்பாக்களில் வைத்து, குவளை குவளையாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார். 100-க்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. அந்தக் கரைசலைத்தான் இலங்கையில் நாங்கள் ஜீவனி என்கிறோம். வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்கு ஜீவனி கரைத்துப் பருக்காத தாய் வன்னியில் இருக்கமாட்டார்.

இரண்டுக்கும் அடியில் ஒரே உண்மைதான் இருக்கிறது. குடலில் உப்பும் சீனியும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டு உள்ளே போகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. ஒன்று மைதானத்தின் ஓரத்தில் விலைக்கு வந்து கோடி கோடியாக வளர்ந்தது. மற்றது முகாமின் சேற்றில் விலையில்லாமல் வந்து உயிர்களைக் காப்பாற்றியது. மாச்சத்துள்ள அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டாலும் அதே வேலை நடக்கிறது என்பதைப் பிறகு மருத்துவ ஆய்வுகள் காட்டின. அரிசி மாவில் செய்த கரைசலால் வாந்திபேதி நோயாளரின் நீரிழப்பு இன்னும் குறைந்தது.

இதைச் சொன்னபோது அவன் சட்டென்று தாளைப் புரட்டி ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினான். நான் வாசித்து, வாசித்ததைப் பற்றிப் பேச மனமில்லாமல் விட்டிருந்த பக்கம் அது. ‘எங்கள் பானத்தின் கதை’ என்று தலைப்பு. முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் குடித்து மீண்ட மக்களின் வலு இந்தப் போத்தலில் இருக்கிறது என்று எழுதியிருந்தான்.

“வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்கள் இதுக்காகவே வாங்குவினம் சேர்.”

2009-இல் போரின் கடைசி மாதங்களில், முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிப்போன கடற்கரைத் துண்டில், அரிசியும் உப்பும் தண்ணீரும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிக்காகச் சனம் வரிசையில் நின்றது. அந்த வரிசைகளில் செல் விழுந்தது. இன்று ஒவ்வொரு மே மாதமும் 12 முதல் 18 வரை, தெருவோரத்தில் அதே கஞ்சியை அதே ருசியில்லாத ருசியோடு காய்ச்சி, போகிறவர் வருகிறவருக்கு வார்க்கிறார்கள். வாங்கிக் குடிக்கிறவர் வாய் திறந்து ஒன்றும் பேசுவதில்லை. 2024 மே மாதத்தில் சம்பூரில் கஞ்சி வார்த்ததற்காக 4 பேர் கைதானார்கள். அந்தக் கஞ்சிக்கு விலை கிடையாது. விலை வைக்காததால்தான் அது நினைவாக நிற்கிறது.

அவனைக் கண்டிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று யோசித்தேன். 2009-இல் அவனுக்கு 8 வயது. “அம்மாவும் நானும் அந்த வரிசையில நிண்டனாங்கள் சேர்,” என்று அவனே சொன்னான். நினைவு அவனுடையது. நான் அந்த நாட்களில் வவுனியாவில் இருந்தவன். ஆகவே நான் தீர்ப்புச் சொல்லவில்லை. “இந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் முதல் அம்மாட்டக் காட்டு,” என்று மட்டும் சொன்னேன்.

மூன்று நாளில் திரும்பி வந்தான். ஒன்பதாம் பக்கம் இல்லை. அம்மா என்ன சொன்னா என்று நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்: “அதை வித்த காசைக் கொண்டு வீட்டு வாசல் மிதியாத எண்டிட்டா.”

அதன்பின்தான் எங்கள் பேச்சு உண்மையில் தொடங்கியது.

வன்னியில் ஒரு பானம் செய்ய நினைக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரை. கேத்தலின் உட்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும் தண்ணீர் இது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும், காரணம் இன்னும் உறுதியாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் வயல் வேலை செய்கிறவர்களைப் பிடித்திருக்கிறது. தொண்ணூறுகளில் அநுராதபுரம் பக்கத்தில் கண்டறியப்பட்ட அதே நோய். நீரின் கடினம், புளோரைட், விவசாய இரசாயனங்கள் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. வெயிலில் வியர்த்து நீரிழந்து, திரும்பத் திரும்ப அப்படியே வேலை செய்வதும் அவற்றில் ஒன்று. ஊர்களில் இன்று ஆர்.ஓ. தண்ணி என்று சுத்திகரித்த தண்ணீரைக் கான்களில் வாங்கிக் குடிப்பது இந்தப் பயத்தால்தான்.

அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வை அவனுக்குக் காட்டினேன். ஆரோக்கியமான 12 பேரை 4 மணித்தியாலம் சூடான அறையில் வேலை செய்ய வைத்தார்கள். ஒரு நாள் தண்ணீர், இன்னொரு நாள் சீனியும் கஃபீனும் உள்ள மென்பானம். மென்பானம் குடித்த நாளில் சிறுநீரகம் காயப்படுவதைக் காட்டும் குறிகள் அதிகமாக இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சோளகக் காற்று அனலாக வீசும் மாதத்தில், சிறுநீரக நோய் உள்ள ஊரின் மைதானத்தில், பிள்ளைகளின் கையில் அந்தப் போத்தலைக் கொடுக்கப் போகிறவன் அதை அறிந்திருக்க வேண்டும்.

சீனிக்கும் கணக்கிருக்கிறது. 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் மென்பானப் போத்தல்களில் நிறக்குறி இட வேண்டும். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் பச்சை, இடையில் செம்மஞ்சள். அவனுடைய முதல் திட்டத்தில் 12 கிராம். ஓடப் போகும் வயிற்றுக்கு அது கூடாது. 8 கிராமுக்கு மேல் போனாலே இரைப்பையில் தேங்கி, ஓடும்போது குமட்டும். ஒரு லீற்றருக்கு 60 கிராம் மாச்சத்து, ஒன்றரைக் கிராம் உப்பு, அவ்வளவுதான் வேண்டியது. அதைத் தேசிக்காய்த் தண்ணியில் எங்கள் வீட்டுப் பெண்கள் அளவுகோல் இல்லாமலே கரைத்தார்கள். பளைப் பக்கத்து இளநீரில் பொட்டாசியம் ஏராளம், உப்புச் சத்துத்தான் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் அதுவும் சரியாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரும், பயிற்சிக்கு முன் எடுக்கும் மாக்களைப் பானத்தில் சேர்க்கலாமா என்றும் கேட்டான். உடற்பயிற்சி நிலையங்களில் அவை கிடைக்கின்றன. 2011-இல் இலங்கை றக்பி வீரர்கள் 3 பேர் அப்படியொரு துணைமாவில் இருந்த மெதில்ஹெக்சனமீன் என்ற தடைசெய்த பொருள் காரணமாக ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டதைச் சொன்னேன். 2013-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டத்தோடு இந்த நாட்டில் ஊக்கமருந்தைத் தடுப்பதற்கென்றே ஒரு நிறுவனமும் வந்துவிட்டது. கொழும்புப் பிள்ளைக்குத் தடை வந்தால் வழக்கறிஞர் பிடிக்கலாம். ஒட்டுசுட்டானிலிருந்து வெறுங்காலோடு ஓடி மேலே வந்த பிள்ளைக்குத் தடை வந்தால் அதோடு எல்லாம் முடிந்தது.

ஆனால் இவை எல்லாம் போத்தலுக்குள் இருக்கும் பிரச்சினைகள். போத்தலுக்கு வெளியே இருப்பதுதான் பெரிய பிரச்சினை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கில், முல்லைத்தீவு மாவட்டத்தில் 100-க்கு 44.5 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே. முழு நாட்டுக்கும் அது 14.3. அந்தக் கணக்கில் நாட்டிலேயே அதிக வறுமை முல்லைத்தீவில்தான். அதன் பிறகு 2022-இன் பொருளாதார நெருக்கடி வேறு வந்துபோனது. அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் தரம் 5-உடன் நின்றுவிடுகிறது. 1500 மீற்றர் ஓடும் பிள்ளை தரம் 9, தரம் 10. பாடசாலை ஒன்றரைக்கு விடும். பயிற்சி இரண்டரைக்குத் தொடங்கும். ஐந்தாறு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வர நேரமில்லை. காலையில் தேத்தண்ணி, மத்தியானம் ஒன்றுமில்லை, இரண்டரைக்கு ஓட்டம். இப்படித்தான் எங்கள் மாகாண மட்ட வீரர்கள் உருவாகிறார்கள். உருவாகாமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதற்கு யாரும் பதிவு வைப்பதில்லை. ‘பயிற்சிக்கு வரவில்லை’ என்று ஒரு வரியோடு பெயர் நின்றுவிடும். நானும் அப்படி எத்தனையோ பெயர்களை வெட்டியிருக்கிறேன். வராத பிள்ளை பசியால் வரவில்லையா என்று வீட்டுக்குப் போய்க் கேட்டது மிகக் குறைவு. இன்று அதை நினைக்கும்போது எனக்கு வலிக்கிறது.

ஓட்டத்துக்கு ஒன்று முதல் நான்கு மணித்தியாலத்துக்கு முன், உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாச்சத்து வேண்டும் என்கிறது விளையாட்டு மருத்துவம். 40 கிலோப் பிள்ளை ஒரு கோப்பைச் சோறும் ஒரு வாழைப்பழமும் தின்றால் 70 கிராமுக்குக் கிட்ட வந்துவிடும். ஒரு மாகாணப் போட்டியின் முடிவை அந்த ஒரு கோப்பைச் சோறு மாற்றக்கூடும். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பதக்க மேடைக்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்பது அவ்வளவு சின்னப் பொருள்.

திறமை இல்லாத மண் அல்ல இது. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவன் தமது 72-ஆம் வயதில், 2023-இல், பிலிப்பைன்சில் நடந்த ஆசிய மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தார். முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவி 2022-இல் பாகிஸ்தானில் குத்துச்சண்டையில் தங்கம் எடுத்தார். இவர்களின் காலிலும் கையிலும் இருந்த வலு, போட்டிக்கு அரை மணித்தியாலம் முன் குடித்த எதனாலும் வந்ததல்ல.

நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவன் சோர்ந்துபோவான் என்று பயந்தேன். அவன் சோரவில்லை. “அப்ப என்ன சேர் செய்யிறது?” என்று கேட்டுப் பேனையை எடுத்தான்.

சக்திப் பானத்துக்குப் பதில் கஞ்சி, ஆனால் போத்தலில் அல்ல என்று முடிவானது. கஞ்சியைப் போத்தலில் அடைத்தால் வன்னி வெயிலுக்கு மத்தியானமே புளித்துவிடும், பதப்படுத்தும் இயந்திரத்துக்கு அவனிடம் முதலில்லை. ஆகவே மா செய்வது. வறுத்த சிவப்பரிசி, பயறு, குரக்கன், உப்பு, பனங்கட்டி. பாடசாலையில் சுடுதண்ணியில் கரைத்து, அரை மணித்தியாலத்துக்கு முன் அல்ல, ஒன்றரைக்கு மணி அடித்தவுடன் குடிக்க வேண்டிய பானம். எங்கள் பெண்களுக்கு இது புதிய வேலையல்ல. மாகாண விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகங்களில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் குரக்கனையும் உளுந்தையும் இலைக்கஞ்சியையும் வைத்தே பெண்கள் சொந்த வருமானம் பார்க்கிறார்கள். அரசாங்கத்தின் திரிபோஷா 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் போகிறது. பயிற்சிக்கு நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கென்று அப்படி ஒன்றும் இல்லை. அந்த இடம்தான் அவனுடைய சந்தை.

பரிசோதனை செய்ய ஆளும் இடமும் பக்கத்திலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி, பிறகு ஆய்வுகூட அறிக்கை என்று ஒழுங்காகப் போகச் சொன்னேன். வளர்ந்த வீரர்களுக்குக் கஃபீன் பானம் பின்னொரு நாளில் செய்ய விரும்பினால் செய்யட்டும், ஆனால் ‘18 வயதுக்குட்பட்டோருக்கு அல்ல’ என்று மும்மொழியிலும் பெரிய எழுத்தில் போட வேண்டும். பாயும் குதிரை பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவனே எடுத்துவிட்டான்.

இலாபம் குறையும். போத்தலில் வருகிற இலாபம் மாவில் வராது. பாடசாலைப் பிள்ளை காசு கொடுத்து வாங்கவும் மாட்டாது. ஆகவே வாங்க வேண்டியவர் வேறு ஆள். அந்த ஆளுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் எங்கள் பாடசாலைகளுக்குப் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் இல்லப் போட்டிக்குக் கிண்ணம் வருகிறது, பெயர் அச்சடித்த மேற்சட்டை வருகிறது, பந்தல் செலவுக்குக் காசு வருகிறது. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வெறுங்காலோடு ஓடிய பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர்களும் நீங்கள்தான். இந்த வருடம் கிண்ணங்களில் பாதியைக் குறையுங்கள். அந்தக் காசைப் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளைகளின் ஒன்றரை மணிச் சாப்பாட்டுக்கென்று எழுதி அதிபருக்கு அனுப்புங்கள். அரிசியையும் பயறையும் ஊரிலேயே வாங்கச் சொல்லுங்கள். என் மாணவனிடம்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஊரில் எந்தப் பெண்கள் குழு இடித்த மாவும் போதும். ஒரு தாய்க்குச் சம்பளம் கொடுத்துக் காய்ச்சச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பரிசளிப்பு மேடைக்குப் போவதற்கு முன், மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஒரு பிள்ளையிடம் காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டுப் பாருங்கள்.